அலோனாவுக்கும் கருவாடு

சேசு மரி சூசை துணை

போரோ துறை, காமோட்டெஸ் தீவு
ஜூலை 6

அன்புத் தங்கை, இண்டாய் ஜோவிலினுக்கு,

நீயும் என் தம்பி ரோடெலும் சுகந்தானே? இங்கே நான் சுகம், பன்றிகள் இரண்டும் சுகம். வலது முழங்கால் மட்டும் மழைக்கு முதல் நாளே வானிலை அறிக்கை வாசிக்கிறது.

போன் இருக்கும்போது இந்த அக்கா, உன் மனாங், ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனைக் கையில் எடுத்தால் போதும், உங்கள் தலைமை அலுவலகத்து அலோனா எட்டிப் பார்க்கிறாள். அவளுக்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் என் கட்டைவிரல் ஓய்ந்துவிடுகிறது. சரக்குக் கணக்கர் தாசியோ தினமும் நம் கம்பெனிப் படகில் செபுவுக்கு வெறுங்கையோடுதானே வருகிறார், கொண்டுவந்து கொடுக்கட்டுமே.

விஷயம் உனக்குத் தெரிந்திருக்கும். டிக்கெட் ஜன்னலில் உட்காருகிற அத்தனை பேரும் போனில் ஐந்து பாடம் படித்துத் தேர்வு எழுத வேண்டுமாம். நவம்பர் 30க்குள் முடித்தவர்களுக்குத்தான் டிசம்பரில் வரும் புது டிக்கெட் மெஷின். முடிக்காதவர்கள் பின்பக்கக் கொட்டகைக்குப் போய் மூட்டை நிறுக்கலாம். எங்கள் கிளை மேலாளர் சார் நெமேசியோ சொன்னார்: “கிறிசந்தா, இருபத்தாறு வருஷமா இந்த ஜன்னல்ல உக்காந்திருக்கீங்க. உங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி.” நானும் ஆமாம் ஜுஜுபி என்று சொல்லிவிட்டேன். ஆகவே அதைப் பற்றி நீ ஒன்றும் கவலைப்படாதே.

இந்த அலோனா பெண்ணைப் பற்றித்தான் எனக்குக் கவலை. “ஹலோ கிறிசந்தா! உங்கள் பாடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது!” என்று எழுதுகிறாள். படத்தில் அழகாகச் சிரிக்கிறாள், பல்லெல்லாம் வரிசை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில்கூட எழுதுகிறாளே, அவளுக்கு லீவே கிடையாதா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? உன் பிரிவில்தானே இருக்கிறாள், கொஞ்சம் கவனித்துக்கொள்.

இரண்டு பொட்டலம் கருவாடு அனுப்பியிருக்கிறேன். ஒன்று உங்களுக்கு, ஒன்று அலோனாவுக்கு. அவளுடையதை ரோடெல் கண்ணில் காட்டாதே, அவன் கையும் வாயும் எனக்குத் தெரியும்.

உங்களுக்காகச் செபமாலை சொல்லும்
மனாங் கிறிசந்தா

*

செபு
ஜூலை 14

அன்புள்ள மனாங்,

கடிதமும் கருவாடும் மணக்க மணக்க வந்து சேர்ந்தன. தாசியோ எங்கள் வரவேற்பு மேசையில் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனதில் மூன்றாம் மாடிவரை மணம். நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முழங்காலுக்கு இஞ்சி எண்ணெய் தேயுங்கள்.

அலோனா, எப்படிச் சொல்ல, அடக்கமான பெண். அதிகம் பேசமாட்டாள். சாப்பாட்டு விஷயத்தில் இன்னும் அடக்கம். உங்கள் பிரியத்தைச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய பொட்டலத்தை வீணாகாமல் பார்த்துக்கொண்டோம்.

(இங்கே இரண்டு வரி அடித்திருக்கிறேன். பேனா சரியில்லை, மன்னியுங்கள்.)

என் வேலை என்ன என்று அம்மாவின் நினைவுநாளன்று கேட்டீர்களே. யாருக்கு, எப்போது, எதற்குப் போனில் மணி அடிக்க வேண்டும் என்று அந்தப் பாட ஆப்பில் குறித்து வைப்பதுதான் என் வேலை. பாடத்தில் சேர்ந்தவுடன் ஒன்று. கெடு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது ஒன்று, ஒரு வாரத்தில் ஒன்று, மூன்று நாளில் ஒன்று. படிக்காமலே கிடப்பவர்களுக்குத் தினம் ஒன்று. கெடு தாண்டினால் கிளை மேலாளருக்கும் ஒரு நகல் போகும். இதையெல்லாம் ஒருமுறை குறித்துவிட்டால் மீதி தன்னால் நடக்கும்.

நீங்கள் எத்தனை பாடம் முடித்தீர்கள், மனாங்? மற்றவர்களுடையதை நான் திறந்து பார்ப்பதில்லை. நீங்களே சொன்னால் சந்தோஷப்படுவேன்.

ரோடெல் உங்களை விசாரிக்கச் சொன்னார். கருவாடு இன்னும் இருக்கிறதா என்றும் விசாரிக்கச் சொன்னார்.

என்றும் உங்கள்
ஜோவிலின்

*

சேசு மரி சூசை துணை

போரோ
ஆகஸ்ட் 3

அன்பு இண்டாய்,

சுகம், சுகம் அறிய ஆசை. இஞ்சி எண்ணெய் தேய்த்தேன். கால் சரியாகவில்லை, ஆனால் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

கருப்புப் பன்றி ஏழு குட்டி போட்டது. கோவில் திருவிழாவுக்கு ஒன்றைச் சுடுவதாக உத்தேசம். மழை வெளுத்து வாங்குகிறது. அடுப்புப் புகையில் என் கண் சும்மா தண்ணீர் விடுகிறது, வேறொன்றுமில்லை.

அலோனா ஆளைத் தேர்ந்தெடுத்து நேரம் பார்க்கிறாள் போல. சரியாகக் காலை எட்டுக்கு, செபுப் படகுக்கு வரிசை ஆலமரம்வரை நிற்கும்போதுதான் டிங் என்கிறாள். நேற்று வரிசையில் நின்ற ஒருவன், “மனாங், காதலன் கூப்பிடறான், எடுங்க!” என்றான். “காதலன் இல்லடா, உன்னைவிட நல்லா படிச்ச பொண்ணு. நகரு,” என்றேன். அந்த நேரம் பார்த்து நகர்மன்றத் தலைவரின் மச்சான் குறுக்கே புகுந்து காசை நீட்டினான். “சார், வரிசை அங்க இருந்து ஆரம்பிக்குது.” “என்னைத் தெரியலையா?” “நல்லாத் தெரியுது. அதனாலதான் சார்னு கூப்பிட்டேன். வரிசைல வாங்க.” போய் நின்றான். இருபத்தாறு வருஷத்தில் ஒருத்தனைக்கூட நான் குறுக்கே விட்டதில்லை, என் சொந்தத் தம்பியையும் சேர்த்து. கேட்டுப்பார், இன்னும் அழுவான்.

அலோனாவின் ஒவ்வொரு செய்திக்கும் நான் பதில் எழுதிவிடுகிறேன். ஒருவர் நமக்கு எழுதினால் பதில் எழுதாமல் இருப்பது நல்ல குடும்பத்துக்கு அழகா? ஆனால் அவள் மட்டும் நான் எழுதியதற்குப் பதில் சொல்வதே இல்லை. கேட்டதையே மறுபடி கேட்கிறாள். பாவம், வேலை அதிகம் போல. நீ அவளை ஒன்றும் திட்டாதே.

கருவாடு இரண்டு பொட்டலம், பழையபடி.

மனாங் கிறிசந்தா

*

(பாட ஆப்பின் வழியாக)
ஆகஸ்ட் 19

அன்பு அலோனா,

“நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள்” என்று இன்று காலை எழுதியிருந்தாய். உண்மைதான் மகளே. கோபமில்லை. உன்னிடம் மறைப்பானேன்?

எனக்கு எழுத்து தெரியவில்லை. படிக்கத் தெரியாமல் இல்லை, எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. போனில் எல்லாம் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது. பங்குச் சாமியாரின் சமையல்காரியிடம் ஒரு கண்ணாடி இருக்கிறது, 2.50 என்று அதன் காதுக் காம்பில் எழுதியிருக்கிறது. அதைப் போட்டால் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அவளுக்கும் அரிசி பொறுக்க வேண்டுமே, அரை மணிக்கு மேல் தரமாட்டாள்.

இரண்டாம் பாடத்தில் தோற்றுவிட்டேன். கோபமாக வரும் பயணியிடம் முதலில் என்ன சொல்வீர்கள் என்று கேள்வி. “உக்காருங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க” என்பதை அழுத்தினேன். தப்பாம். “உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது” என்பதுதான் சரியாம். நீயே சொல், வெயிலில் நின்றவனுக்குத் தண்ணீர் வேண்டுமா, அது வேண்டுமா?

எனக்குப் பயமாக இருக்கிறது அலோனா. கொட்டகை வேலை கேவலமில்லை. ஆனால் அங்கே ஜன்னல் இல்லை. படகு வருவதும் தெரியாது, யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதும் தெரியாது. எனக்குப் பிள்ளைகுட்டி இல்லை. எல்லாரையும் நான் அந்த ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறேன்.

ஓர் உதவி. உங்கள் மாடியில் ஜோவிலின் என்று ஒருத்தி இருக்கிறாள், என் தம்பி பெண்டாட்டி. அவளிடம் இதைச் சொல்லாதே. சொன்னால் அவள் ஏதாவது செய்துவிடுவாள், அவ்வளவு நல்லவள். அப்புறம் நான் தேறினாலும் “நாத்தனாருக்குத் தூக்கிக் கொடுத்தாள்” என்று நாலு பேர் சொல்வார்கள். என்னால் அவளுக்கு அந்தப் பெயர் வரக்கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடு.
கிறிசந்தா

*

(பாட ஆப்பின் வழியாக)
செப்டம்பர் 9

மதிப்பிற்குரிய கிறிசந்தா அவர்களுக்கு,

அலோனா எழுதுகிறேன். இத்தனை நாள் பதில் வராததற்கு மன்னிக்க வேண்டும். என் பெயருக்கு வரும் பதில்களெல்லாம் ஒரு பெட்டியில் போய் விழுகின்றன. அந்தப் பெட்டியை, எப்படிச் சொல்ல, இதுவரை யாரும் திறந்ததே இல்லை. நேற்று ஒருவர் திறந்தார். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பதில்கள். “மகளுக்கு டெங்கு, நாளை படிக்கிறேன்.” “நினைவூட்டியதற்கு நன்றி, நீங்களும் ஓய்வெடுங்கள்.” “புயல், கரண்ட் இல்லை, கோபிக்காதீர்கள்.” எல்லாரும் உங்களைப் போல நல்ல குடும்பத்தில் பிறந்தவர்கள். அத்தனையையும் உட்கார்ந்து படித்தாயிற்று.

இனி உங்கள் மணி காலை எட்டுக்கு அடிக்காது. எல்லாக் கிளைகளுக்கும் முதல் படகு புறப்பட்ட பிறகு, பத்தரைக்கு மாற்றியாகிவிட்டது. ஞாயிறு அடிக்கவே அடிக்காது. ஆப்பின் மேல் மூலையில் பல்சக்கரம் மாதிரி ஒரு படம் இருக்கும். அதைத் தொட்டால் எழுத்தைப் பெரிதாக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மணி வேண்டாமென்றால், நாளுக்கு ஒருமுறை மொத்தமாக வரும்படியும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் கொடுப்பதும் சரியான பதில்தான் என்று பாடம் எழுதியவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. அவர்கள் யோசிப்பதாகச் சொன்னார்கள்.

நீங்கள் சொன்னது யாரிடமும் போகவில்லை.

அலோனா

*

செபு
செப்டம்பர் 12

அன்புள்ள மனாங்,

சுகமா? ஏழு குட்டிகளும் சுகமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆபீசில் ஒரு பெட்டியைச் சுத்தம் செய்கிற வேலை வந்தது, அதிலேயே நாட்கள் போய்விட்டன.

செப்டம்பர் பிறந்ததுமே கடைவீதியில் கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டுவிட்டார்கள். நேற்று சும்மா ஒரு கடைக்குள் நுழைந்தேன். ஒரு கண்ணாடி கண்ணில் பட்டது. சிவப்புச் சட்டம், உங்கள் முகத்துக்கு எடுப்பாக இருக்குமென்று தோன்றியது. வாங்கிவிட்டேன். அளவு ஏதோ கைக்கு வந்தது. பிடிக்கவில்லையென்றால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

வேறு விசேஷம் இல்லை. பாடத்தைப் பற்றி நான் இனிக் கேட்கமாட்டேன்.

அன்புடன்
ஜோவிலின்

*

சேசு மரி சூசை துணை

போரோ
செப்டம்பர் 28

அன்பு இண்டாய்,

சுகம். முழங்கால்கூட இந்த வாரம் வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்தேன். முதல் ஆளே, “மனாங், வாத்தியாரம்மா மாதிரி இருக்கீங்க!” என்றான். “அப்படின்னா கைய நீட்டு, பிரம்பு எங்கேன்னு தேடறேன்,” என்றேன். வரிசையே சிரித்தது. அளவு 2.50 எப்படிக் கைக்கு வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. கடைக்காரன் கெட்டிக்காரன் போல.

அந்த அலோனா ஒருவழியாகப் பதில் போட்டாள். நல்ல பதில். வயதுக்கு மீறிய பொறுமை. அவள் சொன்ன பல்சக்கரத்தை எங்கள் துறையில் எல்லாருக்கும் காட்டிக்கொடுத்தேன். “சேசு மரி சூசை, இத்தனை நாள் இது தெரியாம குருடனா இருந்தேனே!” என்றார் சார் நெமேசியோ. அவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் படித்திருக்கிறார், வெளியே சொல்லவில்லை.

நாலு பாடம் முடிந்துவிட்டது, இண்டாய். நாலு! தீயணைப்பில் நூற்றுக்கு நூறு. மீதி அந்தப் புது மெஷின் பாடம் ஒன்றுதான். அதையும் ஒரு கை பார்க்கிறேன்.

கருவாடு மூன்று பொட்டலம். மூன்றாவது கடைக்காரனுக்கு.

மனாங் கிறிசந்தா

*

செபு
அக்டோபர் 25

அன்புள்ள மனாங்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ரோடெல் வீட்டுக்குள் ஒரு சுற்று ஆடினார். நூற்றுக்கு நூறு என்று பக்கத்து வீடுவரை சொல்லியாயிற்று. நான் மட்டும் கொஞ்சம் நொந்துபோயிருக்கிறேன். காரணம் சொல்கிறேன், சிரிக்கக்கூடாது.

பாட ஆப்பில் எல்லாரும் பேசிக்கொள்ள ஒரு பலகை உண்டு. அதில் யார் எழுதினாலும் எல்லார் போனிலும் மணி அடிக்கும்படி வைத்திருந்தது நான்தான். போன செவ்வாய் எங்கள் மேடம் அதில் ஒரே ஒரு வரி போட்டார்: “தேர்வுக்கு மூன்று வாய்ப்புகள் மட்டுமே.” அவ்வளவுதான்.

நம்மவர்கள், எப்படிச் சொல்ல, பெரியவர்கள் ஒன்று சொன்னால் வாயில் கொழுக்கட்டையா வைத்திருப்பார்கள்? ஓர்மோக் கிளையில் ஒருவர், “குறித்துக்கொண்டேன் மேடம், நன்றி” என்று எழுதினார். அறுநூற்றுப் பன்னிரண்டு போனில் டிங். அவர் எழுதிவிட்டார், நாம் எழுதாவிட்டால் மரியாதைக் குறைவு என்று அடுத்தவர், “நானும் குறித்துக்கொண்டேன்.” மறுபடி டிங். பதினைந்தே நிமிடத்தில் இருநூறு பேர் குறித்துக்கொண்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான், “தயவுசெய்து யாரும் பதில் போடாதீர்கள்” என்று எழுதினார். அதற்கு எண்பது பேர், “குறித்துக்கொண்டேன், நன்றி.” படகைத் துறையில் அணைத்துக்கொண்டிருந்த ஒரு கேப்டன் போனைக் கடலில் எறிந்துவிட்டாராம்.

மேடம் என்னைக் கூப்பிட்டார். “ஜோவிலின், இது ஆபீஸா, இல்ல கோவில் மணிக்கூண்டா? எல்லாத்தையும் நிறுத்து. நான் சொல்ற வரைக்கும் ஒரு சத்தம் வரக்கூடாது.” நிறுத்திவிட்டேன். நினைவூட்டல், வாழ்த்து, விண்ணப்பம் எல்லாம் ஒரே பொத்தான். அன்றைக்கு வந்த எரிச்சலில் என் போனையும் முழுக்க ஊமையாக்கிவிட்டேன். இப்போது காதுக்கு எவ்வளவு சுகம் தெரியுமா, மனாங்? காலையில் ரோடெல் காபி உறிஞ்சும் சத்தம்கூடக் கேட்கிறது.

ஆகையால் அலோனாவிடமிருந்து கொஞ்ச நாளுக்கு ஒன்றும் வராது. அவள் ஓய்வில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
ஜோவிலின்

*

சேசு மரி சூசை துணை

போரோ
நவம்பர் 20

ஜோவிலினுக்கு,

சுகம். நீங்களும் சுகமென்று நம்புகிறேன்.

புயல் எச்சரிக்கையால் ஐந்து நாள் படகு ஓடவில்லை. நாளை மறுநாள் ஓடும் என்கிறார்கள், அதில் இதைத் தாசியோவிடம் கொடுத்துவிடுவேன்.

அலோனாவுக்கு என் மேல் ஏதாவது வருத்தமா? உனக்குத் தெரிந்தால் சொல். நவம்பர் 11 அன்று அவளிடம் ஒரு காரியம் கேட்டிருந்தேன். சலுகையில்லை. ஆப்பிலேயே அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, முறைப்படி அதை அழுத்தித்தான் கேட்டேன். ஓய்வு என்று நீ சொல்லியிருந்தாய். அதனால் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். தினம் பத்தரைக்குப் போனை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

சார் நெமேசியோ கொட்டகைத் தராசைத் துடைத்து வைக்கச் சொன்னார். “சும்மா ஒரு முன்னேற்பாட்டுக்குத்தான், கிறிசந்தா,” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். துடைத்தேன். தராசு நல்ல தராசுதான்.

உனக்கு வேலை இருக்கும். இதற்காக நீ ஒன்றும் செய்ய வேண்டாம்.

இந்த முறை கருவாடு இல்லை. வெயில் இல்லை.

கிறிசந்தா

*

செபு
நவம்பர் 23

என் அன்பு மனாங்,

உங்கள் கடிதம் நேற்று மாலை வந்தது. நின்றபடியே படித்தேன், நின்றபடியே அழுதேன். நாளை முதல் படகில் தாசியோ இதைக் கொண்டுவருவார். போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் பாதியில் விழுங்கிவிடுவேன், எழுதினால்தான் முழுக்கச் சொல்வேன்.

அலோனா என்று யாரும் இல்லை, மனாங். அது ஒரு மெஷின். சிரிக்கும் படத்தை நான்தான் எங்கிருந்தோ எடுத்து ஒட்டினேன். பெயரும் நான் வைத்ததுதான், “பெயர் இருந்தால் மக்கள் அன்பாகப் படிப்பார்கள்” என்று மேடத்திடம் பெருமையடித்துக்கொண்டு. ஜூலையிலேயே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த அடித்த இரண்டு வரியில் அதுதான் இருந்தது. நீங்கள் அவளுக்குச் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டபிறகு எனக்கு மனசு வரவில்லை. அவளுடைய கருவாட்டையெல்லாம் தின்றது உங்கள் தம்பி.

ஆகஸ்டில் நீங்கள் அவளுக்கு எழுதியதை நான் படித்துவிட்டேன். ஜோவிலினிடம் சொல்லாதே என்று எழுதியிருந்ததை ஜோவிலினே படித்தாள். செப்டம்பரில் வந்த பதில் என்னுடையது. கண்ணாடிக் கடைக்காரனும் நான்தான்.

நேற்று உங்கள் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே கணினியைத் திறந்தேன். மூன்று முறை தவறியதும் உங்கள் ஐந்தாம் பாடம் பூட்டிக்கொண்டிருக்கிறது. பூட்டைத் திறக்கும்படி 11ஆம் தேதி நீங்கள் அழுத்திய பொத்தான் என்னிடம்தான் வந்து நின்றிருக்கிறது. நான் ஊமையாக்கி வைத்த போனில், சத்தமில்லாமல், பதினோரு நாள். ரோடெல் காபி உறிஞ்சுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் நான், பாவி.

நீங்கள் மட்டுமல்ல, முப்பத்தேழு பேர் காத்திருந்தார்கள். மேடத்திடம் போனேன். “மேடம், சத்தத்தை நிறுத்துறதா நெனச்சு ஆளுங்களோட வாயைப் பொத்திட்டோம்,” என்றேன். அவர் பட்டியலைப் பார்த்தார். “திற. எல்லாத்தையும் திற,” என்றார். திறந்தேன். ஆனால் ஒன்று, உங்களுடையதை முதலில் திறக்கவில்லை. யார் முதலில் கேட்டார்களோ அவர்களிலிருந்து ஆரம்பித்தேன். நீங்கள் பதினான்காவது. பதின்மூன்று பேரையும் முடித்துவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன். வரிசை வரிசைதான். யாரும் உங்களை ஒரு சொல் சொல்ல முடியாது.

இன்னும் மூன்று வாய்ப்பு இருக்கிறது, ஒரு வாரம் இருக்கிறது. மெஷின் பாடத்தில் எங்கே இடறுகிறது என்று எனக்குத் தெரியாது, நானும் சொல்லித்தரப் போவதில்லை. உங்களுக்கு அது வேண்டாமென்று தெரியும்.

பலகைக்கு மட்டும் மணி இனிக் கிடையாது. விண்ணப்பத்துக்கு உண்டு. என் போனில் இன்னும் எல்லாம் ஊமைதான், இரண்டைத் தவிர. பூட்டைத் திறக்கச் சொல்லி யார் கேட்டாலும் அடிக்கும். அப்புறம், உங்கள் பெயர் எங்கே வந்தாலும் அடிக்கும். நான் எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் சரி.

என்னை மன்னியுங்கள். மன்னிக்காவிட்டாலும் எழுதுங்கள்.

ஜோவிலின்

*

சேசு மரி சூசை துணை

போரோ
டிசம்பர் 2

அன்பு இண்டாய்,

நீயும் தம்பியும் சுகந்தானே? நான் பரம சுகம். முழங்கால் வலிக்கிறது, வலித்துவிட்டுப் போகட்டும்.

நவம்பர் 28, காலை பத்தே முக்காலுக்குத் தேறிவிட்டேன். இரண்டாவது வாய்ப்பில். எங்கே இடறியது தெரியுமா? பயணியின் வயதைக் கேட்கும் இடத்தில். “கேட்டபின் குறிக்கவும்” என்கிறது பாடம். ஒரு பொம்பளையிடம் போய் வயதைக் கேட்பேனா நான்? படத்திலிருந்த முகத்தைப் பார்த்து நானே ஐந்து குறைத்துப் போட்டேன். அதனால்தான் அதுவரை நாலு முறையும் தவறியிருக்கிறது. இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். தேறியதும் சார் நெமேசியோ தராசைக் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டினார். இந்த முறை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “ஜுஜுபின்னு நான்தான் அப்பவே சொன்னேனே!” என்றார். மனுஷனை என்ன சொல்ல?

உங்கள் மேடத்தின் கூட்டத்தில் உன் போன் அலறியதாமே? எல்லாரும் திரும்பிப் பார்க்க, நீ எழுந்து நின்று, “என் நாத்தனார் பாஸாயிட்டாங்க!” என்று கத்தினாயாமே? ரோடெல் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நீ அனுப்பிய வாழ்த்துக்கு நான் பதில் போட்டிருக்கிறேன், பார். “குறித்துக்கொண்டேன், நன்றி.” பலகையில் போடவில்லை, பயப்படாதே.

மன்னிப்பு எதற்கு? பதினான்காவதாகத் திறந்தேன் என்று எழுதினாயே, அந்த இடத்தைத் தாசியோவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் வீட்டுப் பெண்தான் நீ, சந்தேகமே இல்லை.

அலோனா விஷயத்துக்கு வருகிறேன். ஜூலையில் நிஜமாகவே பெண் என்றுதான் நினைத்தேன். ஆகஸ்டில் சந்தேகம் வந்தது, கேட்டதையே கேட்டாளே. பதில் சொல்லாதவளிடம் மனசைக் கொட்டுவது எளிதாக இருந்தது, கொட்டினேன். செப்டம்பரில் பதில் வந்ததே, அதில் நாலாவது வரியிலேயே “எப்படிச் சொல்ல” என்று இருந்தது. உன் கல்யாணத்தன்று சாமியார் சம்மதமா என்று கேட்டபோதுகூட அதைத்தானே முதலில் சொன்னாய்! கோவிலே சிரித்தது, மறந்துவிட்டாயா? அப்போதே தெரியும். தெரிந்துதான் மூன்றாவது பொட்டலம் வைத்தேன். நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன். நவம்பரில் அலோனாவுக்கு வருத்தமா என்று கேட்டது உன்னைத்தான்.

நேற்று புது மெஷின் வந்தது. ரிப்பன் வெட்டினார்கள், தென்னோலையில் பொதிந்து வேகவைத்த புசோ சோறும் சுட்ட பன்றியும் இருந்தது. முதல் டிக்கெட்டை யாருக்கு அடிப்பது என்று சார் நெமேசியோ யோசித்துக்கொண்டிருந்தார். நான் யோசிக்கவில்லை. காசை என் கையிலிருந்து போட்டு, அவரை மெஷினில் உட்காரவைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே போய் வரிசையில் நின்று, ஒன்பது பேருக்குப் பின்னால் வாங்கினேன். ஆகவே இவை பத்தாவது, பதினோராவது டிக்கெட்டுகள். டிசம்பர் 23, செபுவிலிருந்து போரோ, உனக்கும் ரோடெலுக்கும். இத்துடன் வைத்திருக்கிறேன். உன் வயதைக் கேட்க நீ பக்கத்தில் இல்லை, ஐந்து குறைத்துச் சொல்லியிருக்கிறேன்.

அலோனாவுக்கு டிக்கெட் எடுக்கவில்லை. மடியில் உட்கார்ந்து வரும் பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம் என்று மூன்றாம் பாடத்திலேயே இருக்கிறது. அவளை உன் மடியில் வைத்துக்கொண்டு வா.

உங்கள் மூவருக்கும் கருவாடு காயவைத்துக் காத்திருக்கும்
மனாங் கிறிசந்தா